கம்பியைப் பிடித்தவனுக்கே பேச்சு

குழாய் கம்பெனியின் ஷிப்ட் பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு ஹாரன் என்று பெயர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது லைசென்ஸுக்குள் சுகமாகத் தூங்குகிறது, யாரும் போய் எழுப்புவதில்லை. அவர் குரல் அப்படி. அடுத்த தெருக்காரரிடம் ரகசியம் சொல்லவேண்டுமானால் தன் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அவர் தும்மினால் கொடியில் காயும் துணியெல்லாம் தானாக மடிந்து கூடையில் விழும் என்று கேன்டீன் அக்கா சத்தியம் செய்வாள்.

அப்பேர்ப்பட்ட தொண்டைக்காரருக்குத் தன் சொந்த பஸ்ஸுக்குள் வாய் திறக்க உரிமை கிடையாது.

கம்பெனியின் ஃபுட்பால் டீம் வெளியூரில் ஆடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் இதே பஸ்தான் ரசிகர்களை அள்ளிக்கொண்டு போகும். ஆட்டக்காரர்கள் முன்னாலேயே வேனில் போய்விடுவார்கள். கோச் மட்டும் ரசிகர்களோடு, முன் சீட்டில், ஜன்னலோரமாக வருவார். மற்ற நாட்களில் அவர் கம்பெனி ஸ்டோர் கீப்பர். ஒரு நட்டு கேட்டால் கொடுப்பார், ஒரு வார்த்தை கேட்டால் கொடுக்கமாட்டார். ஆட்டத்தில் யாரை இறக்குவது, யாரை வெளியே உட்காரவைப்பது என்று பஸ்ஸில் வழியெல்லாம் சண்டை நடக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வருவார். இறங்கும்போது பதினோரு பேரைச் சொல்வார்.

ஒரு தடவை இந்தச் சண்டை முற்றி, லேத் ஓட்டுகிறவருடைய முன்பல் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. பஸ்ஸை நிறுத்தித் தேடினார்கள். பல் கிடைக்கவில்லை, சட்டம் ஒன்று கிடைத்தது. பேச நினைக்கிறவன் எழுந்து நின்று, கூரைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் பேசவேண்டும். ஒரு கையை எடுத்தாலும் பேச்சு போச்சு. இரண்டு கையும் மேலே தொங்கினால் யார் யாரை அடிக்கமுடியும்?

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் டிரைவருடைய இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் அல்லவா இருக்கிறது! அதனால் அவருடைய பேச்செல்லாம் ஹாரன்தான். ஒத்துக்கொண்டால் ஒரு அடி, ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டு அடி. எதிரே வருகிற சைக்கிள்காரர்கள் தங்களைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாரனுக்கு இட்ட சோறு இறங்கவில்லை. காரணம் அவர் வீட்டு ஹாலிலேயே குனிந்து உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தது. பெண்டாட்டியின் தம்பி. கம்பெனி டீமின் ஸ்ட்ரைக்கர். ரசிகர்கள் வைத்த பெயர் ராக்கெட். முன்பெல்லாம் அவன் ஓடும் வேகத்துக்காக அப்படிக் கூப்பிட்டார்கள். இப்போது அவன் அடிக்கிற பந்து கோல் கம்பத்துக்கு மேலே வானத்தைப் பார்த்துப் போவதற்காகக் கூப்பிடுகிறார்கள். இந்த சீசனில் அவன் அடித்த பந்துகளால் பறவைகள் பாதை மாற்றிக்கொண்டதாகக் கேள்வி.

கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்ததே காலுக்காகத்தான். மேனேஜர் வெள்ளிக்கிழமை அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை முழுசாக ஆடினால் வேலை இருக்கும். வெளியே உட்கார்ந்தாலோ, பாதியில் வெளியே இழுக்கப்பட்டாலோ, திங்கட்கிழமை கேட்டுப் பக்கமே வரவேண்டாம்.

"மாமா," என்றான் ராக்கெட், தலையை நிமிர்த்தாமல். "பஸ்ல இத பத்தி மூச்சு விடக்கூடாது."

"நான் எங்கடா பேசப்போறேன்? எனக்குத்தான் ஹாரன் ஒண்ணுதானே வாயி."

"ஹாரன்லயும் சொல்லக்கூடாது. ஐயோ பாவம்னு எவனும் எனக்கு இடம் குடுக்கவேணாம். சொன்னீங்கன்னு தெரிஞ்சா நானே ஷூவ கழட்டி கோச் கையில குடுத்துட்டு வந்துருவேன்."

வேன் வந்தது, போய்விட்டான். அவன் தலை மறைந்ததும் அக்காக்காரி சமையலறையிலிருந்து வந்தாள்.

"நான் இன்னிக்கு மேட்சுக்கு வரல. என் நெஞ்சு தாங்காது. நீங்க என்ன பண்ணுவீங்களோ தெரியாது, என் தம்பி கடைசி வரைக்கும் உள்ள நிக்கணும்."

"அவன் கோல் போட்டா நிப்பான்."

"போடலன்னா?"

ஹாரன் பஸ் சாவியைத் தேடப் போனார். பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவருக்கு வீட்டில் மத்தியானச் சோறு கிடைத்திருக்காது. ஏனென்றால் அவர் மச்சானுக்கு மாமாதான், ஆனால் டீமுக்கும் ரசிகர். நெஞ்சைத் தொட்டுச் சொல்லச் சொன்னால், இந்த ஆளை உட்காரவைத்துவிட்டு வேறு யாரையாவது இறக்கலாம் என்றுதான் அவரும் சொல்லியிருப்பார்.

பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டியதுமே வெல்டர் எழுந்து கம்பியைப் பிடித்தார். கை ஒவ்வொன்றும் வீட்டுத் தூண் மாதிரி. அவர் தொங்கினால் பஸ் ஒரு பக்கம் சாயும்.

"எல்லாரும் கேளுங்கப்பா. இன்னிக்குத் தோத்தா நாம கீழ் டிவிஷனுக்குப் போறோம். அங்க கிரவுண்டுல ஆடு மேயும். கோல் போட்டா ஆடுதான் கைதட்டும். இப்பவும் ராக்கெட்ட இறக்கணுமா?"

"வேணாம்!" என்றது பாதி பஸ்.

"அந்தத் தம்பிக்கு இன்னொரு சான்ஸ் குடுத்தா என்ன?" என்று உட்கார்ந்தபடியே கேட்டாள் கேன்டீன் அக்கா.

"கம்பிய புடிச்சிட்டுப் பேசுக்கா!"

அக்கா எழுந்து கம்பியைப் பிடித்தாள். உயரம் எட்டாமல் நுனிவிரலில் நின்றாள். "தட்டுல தின்னுட்டு தட்டயே தூக்கிப் போடுற ஆளுங்க நீங்க. போன சீசன்ல அவன் போட்ட கோலுக்கெல்லாம் என் கடையில ஓசி டீ குடிச்சது யாரு? வெல்டரு, நீதான். குடிச்ச டீய திருப்பிக் குடு, அப்புறம் பேசு."

பஸ் சிரித்தது. வெல்டர் சிரிக்கவில்லை.

"சான்ஸ் சான்ஸ்னு எத்தன சான்ஸ்க்கா? அவன் கால்ல பந்து வரும், நாம எல்லாரும் எழுந்து நிப்போம், ஹாரன் அண்ணன் ஆரம்பிப்பாரு, நாம ஏத்துவோம், ஸ்டேடியமே அதிரும், அவன் அடிப்பான், பந்து நிலாவுல போய் உக்காரும். இதான நடக்குது? அவன் கடைசியா கோல் போட்டத இந்த பஸ்ல எவனாச்சும் கண்ணால பாத்தீங்களா? பாத்தவன் கைய தூக்கு!"

கம்பியைப் பிடித்திருந்ததால் வெல்டராலேயே கையைத் தூக்கிக் காட்ட முடியவில்லை. யாரும் தூக்கவும் இல்லை.

"எப்படிப் பாப்போம்?" என்றாள் அக்கா. "அன்னிக்கு நம்ம பஸ்ஸு நடுரோட்டுல புகை விட்டு நின்னுச்சே! நாம போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு கோல் போட்டு முடிச்சிட்டான். அதுக்கு முன்னாடி போட்டது பெரிய மழையில. நாமதான் யாரும் போகலயே."

மறுபடியும் சிரிப்பு. "நம்ம மூஞ்சியப் பாத்தா அவனுக்குப் பிடிக்கல போல!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த ஹாரனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பஸ் நின்ற நாள். மழை நாள். இரண்டு நாளும் தான் கத்தவில்லை. தான் ஆரம்பிக்காத நாளெல்லாம் அவன் போட்டிருக்கிறான்.

ரசிகர்களின் அந்தச் சத்தம் இந்த சீசனில் ஹாரன் செய்த சொந்தக் கண்டுபிடிப்பு. ராக்கெட் பந்தோடு கோல் பாக்ஸை நோக்கி ஓட ஆரம்பித்ததும், அடிவயிற்றிலிருந்து 'ஏ…' என்று தாழ்வாக எடுப்பார். கூட்டம் சேர்ந்துகொள்ளும். அவன் நெருங்க நெருங்கச் சத்தம் ஏறும். உச்சிக்குப் போகும்போது அவன் அடித்தாகவேண்டும், வேறு வழியில்லை. கீப்பர் எங்கே நிற்கிறான் என்று பார்க்க அவனுக்கு நேரமே கிடையாது.

வெல்டர் பேச்சை முடித்துக்கொண்டிருந்தார். "அதனால கோச்சு, நாங்க சொல்றது ஒண்ணுதான். இன்னிக்கு அவன் பெஞ்சுல உக்காரட்டும். ஒத்துக்கிறவங்க சொல்லுங்க!"

ஹாரன் பிரேக்கை மிதித்தார். கூட்டம் மொத்தமும் முன்னால் வந்து பின்னால் போனது. வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து, சீட்டை விட்டு எழுந்தார்.

"என்னண்ணே, பஞ்சரா?"

"மறுபடியும் புகையா?"

ஹாரன் சீட்டுகளுக்கு நடுவே வந்து, இரண்டு கையையும் தூக்கிக் கம்பியைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பியை அவர் துடைத்திருக்கிறார், பிடித்ததில்லை. கையைத் தூக்கியதும் அக்குளில் சட்டை கிழிந்திருப்பது ஊருக்கே தெரிந்தது. யாரும் அதைச் சொல்லக்கூட இல்லை.

"அவன உக்கார வைக்காதீங்க," என்றார்.

"மச்சான்னா விட்டுக்குடுக்க முடியுமா!" என்றார் வெல்டர். "அண்ணே, உங்க மேல மரியாத இருக்கு. ஆனா இது வீட்டு விஷயம் இல்ல."

வீட்டு விஷயம்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. திங்கட்கிழமை, கேட், மேனேஜர், எல்லாம் வரிசையாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றன. ஒரே வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கூட்டம் உருகிவிடும். கேன்டீன் அக்கா அழுதேவிடுவாள். ஆனால் அந்தப் பயல் ஷூவைக் கழற்றிவிடுவான். அவன் சொன்னால் செய்கிற ஜாதி, அவன் அக்கா மாதிரியே. ஹாரன் வார்த்தையை விழுங்கினார். பாறாங்கல்லை விழுங்கினாலும் இவ்வளவு வலித்திருக்காது.

"மாமனா பேசல. நான் ரசிகனா பேசுறேன். கோல் வராததுக்குக் காரணம் அவன் இல்ல. நாமதான்."

"என்னது?"

"நாம கத்துறோமே, அது அவன் கால தள்ளுது. இந்த சீசன்ல நாம இல்லாதப்ப மட்டும்தான் அவன் போட்டிருக்கான். அக்கா இப்ப சொன்னாங்கல்ல?"

பஸ் கொதித்தது. கம்பியைப் பிடிக்காமலே நாலு பேர் பேசினார்கள்.

"தொண்டை கிழிய கத்துறது நாங்க, குத்தமும் எங்க மேலயா?"

"எதிர் டீம் ஆளுங்களும்தான் கத்துறாங்க. அது அவன் காலத் தள்ளாதா?"

"எதிராளி கத்துனா அவன் காதுலயே விழாது," என்றார் ஹாரன். "நம்ம வீட்டு ஆளு கத்துனா? எங்க வீட்ல அவங்க அக்கா ஒரு சத்தம் போட்டா, குளிச்சிட்டிருக்கிறவன் சோப்போட ஓடி வருவான். என்னன்னு கேக்க மாட்டான், ஓடி வருவான். நம்ம சத்தமும் அப்படித்தான். அடின்னு சொல்றோம், அடிச்சிடுறான்."

வெல்டர் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இருவரும் எதிரெதிரே, மூக்குக்கு மூக்கு, நான்கு கையும் மேலே. சட்டம் இல்லாவிட்டால் அன்றைக்கும் ஒரு பல் போயிருக்கும்.

"சரி. அப்படின்னா கத்துறத ஆரம்பிச்சது யாரு?"

"நான்தான்."

"இன்னிக்கு வாய மூடிட்டு உக்காருவீங்களா?"

"உக்காருவேன். அவன் கால்ல பந்து இருக்கிறப்ப நீங்களும் மூடணும்."

"அதுக்கப்புறமும் போடலன்னா?"

"போடலன்னா நானே சொல்றேன், வெளிய எடுங்கன்னு."

அதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. வீட்டில் இருக்கிறவளுக்கு இது தெரிந்தால் அவர் பஸ்ஸிலேயே குடியிருக்கவேண்டியதுதான்.

முன் சீட்டில் அசைவு தெரிந்தது. கோச் எழுந்தார். அவரும் ஒழுங்காக இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார்.

"ஹாஃப் டைம் வரைக்கும்," என்றார். பிறகு, "வண்டிய எடுப்பா, லேட்டாகுது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மைதானத்தில் அவர்களுக்கு ஒதுக்கிய இடம் ஒரு மூலை. எதிர் டீம் ஆட்கள் மூன்று பக்கமும் உட்கார்ந்து, டப்பாவைத் தட்டி ஊளையிட்டார்கள். ராக்கெட் கால்களை உதறிக்கொண்டே வந்தான், வழக்கம்போல மூலையைப் பார்த்துத் தலையாட்டினான். மூலை பதிலுக்குத் தலையாட்டியது. அவ்வளவுதான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

ஆட்டம் ஆரம்பித்தது. பந்து மற்றவர்கள் காலில் இருந்தவரை கத்தினார்கள். அவன் காலுக்கு வந்ததும், யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி மொத்த மூலையும் செத்துவிடும். வெல்டர் தன் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். கேன்டீன் அக்கா வெல்டரின் கையைப் பிடித்து நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தாள். துண்டு இருந்ததால் அவரால் அலறவும் முடியவில்லை. ஹாரன் இரண்டு கையாலும் தன் தொண்டையையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாம்பைப் பிடித்தவன் மாதிரி.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுவிலிருந்து ஒரு நீளமான பாஸ் வந்தது. ராக்கெட் பிடித்தான், ஒரு டிபென்டரைத் தாண்டினான், எதிரே கீப்பர் மட்டும். மூலையில் ஒரு சத்தமும் இல்லை.

அவன் நின்றுவிட்டான்! பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு மூலையைத் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களோ என்று பார்க்கிற பார்வை. அந்த ஒரு நொடியில் பந்து பறிபோனது. எதிர் டீம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, இவர்கள் கம்பத்தில் அடித்தது. டங்கென்று கேட்டது, ஹாரனுடைய மண்டைக்குள்.

வெல்டர் துண்டை உருவினார். "அண்ணே, இதான் உங்க வைத்தியமா? கத்துனா மேல அடிக்கிறான், கத்தலன்னா நின்னு வேடிக்க பாக்குறான்!"

கீழே கோட்டுக்கு வெளியே மாற்று ஆட்டக்காரன் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்க ஆரம்பித்திருந்தான். கோச் கடிகாரத்தைப் பார்த்தார். 'போடலன்னா நானே சொல்றேன்' என்ற வார்த்தை ஹாரனுடைய காதுக்குள் அவர் குரலிலேயே கேட்டது. ஹாஃப் டைம் விசில் எப்போது வேண்டுமானாலும் அடிக்கும்.

கார்னர் கிடைத்தது. பந்து கூட்டத்துக்குள் விழுந்து, யார் யார் காலிலோ பட்டு, ராக்கெட்டிடம் வந்தது. மூலை வாயை மூடியது. இந்தத் தடவை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அடிப்பதுபோல் காலைத் தூக்கினான், அடிக்கவில்லை. கீப்பர் விழுந்தார். விழுந்தவரை ஒரு நிமிஷம் நின்று நலம் விசாரிப்பவன் போலப் பார்த்துவிட்டு, பந்தைக் காலி இடத்தில் மெதுவாகத் தள்ளினான்.

கோல்.

மூலையில் ஒருவரும் கத்தவில்லை. எப்போது வாயைத் திறக்கலாம் என்று ஒப்பந்தத்தில் யாரும் பேசவே இல்லை! வெல்டர் துண்டோடு ஹாரனைப் பார்த்தார், ஹாரன் அக்காவைப் பார்த்தார், அக்கா கண்ணாலேயே 'கத்தலாமா?' என்று கேட்டாள். அதற்குள் ஹாஃப் டைம் விசில் அடித்துவிட்டார்கள்.

ராக்கெட் கொண்டாடவில்லை. தோளில் விழுந்த சகாக்களை உதறிவிட்டு நேராக மூலை வேலிக்கு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, அக்கா எங்க?"

"வீட்லடா."

"பொய் சொல்லாதீங்க. அக்கா வரல. நீங்க எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க. அக்காவுக்கு என்ன ஆச்சு? சீக்கிரமா முடிச்சிட்டு வந்து கேக்கலாம்னுதான் அதத் தள்ளிட்டு ஓடி வரேன்!"

ஹாரனுடைய வைத்தியமெல்லாம் அந்த இடத்திலேயே பொடிப்பொடியாக உதிர்ந்தது. அமைதி இல்லை, ஒன்றும் இல்லை, பயல் அக்காவை நினைத்துப் பயத்தில் அடித்திருக்கிறான்.

கேன்டீன் அக்கா ஹாரனுடைய சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "சொல்லாத. அப்படியே பயந்துட்டே போகட்டும். இன்னொரு கோல் ஆகும்."

ஹாரன் ஒரு கணம் யோசித்தார் என்பதை மறைக்கமுடியாது. இன்னொரு கோல் என்றால் சும்மாவா?

"உங்க அக்கா நல்லா இருக்காடா," என்றார். "நீ ஆடுறதப் பாக்கத் தெம்பில்லாம வீட்ல இருக்கா. நாங்க சும்மா இருந்தது உனக்காகத்தான். கத்துனா நீ அவசரப்படுறியோன்னு."

ராக்கெட் அவரையே பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, கூடவே கோபமும் வந்தது. "யார் மாமா உங்கள யோசிக்கச் சொன்னது?"

"ஏய்!" என்று கோட்டருகிலிருந்து கோச் கூப்பிட்டார். "உள்ள வா. தண்ணி குடி. ரெண்டாவது பாதிக்கும் நீதான்."

மாற்று ஆட்டக்காரன் மேல்சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டான். ஹாரன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் ரசிகர்களுக்குப் பெரிய பிரச்சினை மிச்சமிருந்தது. இப்போது கத்துவதா, வேண்டாமா?

"கத்தலன்னுதான் கோல் வந்துச்சு!" என்றார் வெல்டர், தலைகீழாக மாறி.

"அவன் பயந்துதான் போட்டான், காதுல விழலயா உனக்கு?" என்றாள் அக்கா.

"அப்ப பயமுறுத்தலாம்!"

"எப்படி? நீ கீழ விழுந்து செத்த மாதிரி படு."

"உன் டீயக் குடிச்சிட்டு நான் அப்படித்தான் தினம் படுக்கிறேன்!"

பிடிக்கக் கம்பி இல்லாததால் ஆளாளுக்குக் கையை வீசிப் பேசினார்கள். இரண்டாவது பாதி ஆரம்பித்தது தெரியாது, எதிர் டீம் இரண்டு தடவை கம்பத்தை உரசியது தெரியாது. ஹாரன் ஒருவர்தான் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அவர் பார்த்தது பந்தையும் இல்லை, கோலையும் இல்லை. கோட்டுக்கு வெளியே, யாரை மாற்றுகிறார்கள் என்று எண் காட்டும் பலகையைக் கையில் வைத்திருந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் மூக்கைச் சொறியக் குனிந்தபோதெல்லாம் இவருக்கு உயிர் போய் வந்தது. ஒரு தடவை பலகை மேலேயே போனது. எண் வேறு யாருடையதோ.

கடைசி விசில் அடித்தபோது வெல்டர் திரும்பி, "என்ன, முடிஞ்சிருச்சா? யாரு ஜெயிச்சா?" என்றார்.

"நாமதான். ஒண்ணுக்கு சைபர்."

"எந்தக் கோல்ல?"

"அதே கோல்தான்."

வெல்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. அடுத்த மேட்ச் பாப்போம். இதுக்காக அவன் தேறிட்டான்னு நான் சொல்லமாட்டேன்."

"நீ எதத்தான் சொல்லியிருக்க," என்று அக்கா ஆரம்பித்தாள். ஹாரன் அங்கிருந்து நழுவி, வேலி ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள்.

"கடைசி வரைக்கும் உள்ள இருந்தானா?"

"இருந்தான்."

போனில் ஒரு நீள மூச்சு கேட்டது. பிறகு வைத்துவிட்டாள். யார் ஜெயித்தது என்று அவள் கேட்கவே இல்லை.